49 மில்லிமீற்றர் மொறிஸ் மைனர்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல பழைய கார்கள் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தியள், நல்லாத்தான் இருந்தது, ஆனா கீழ் மூலையில ஒரு சின்னப் படம், மேசையில வச்ச மொடல் கார் ரெண்டு, அதுக்குக் கீழ "வசதி படைத்தோரின் விளையாட்டுப் பொருள்" எண்டு ஒரு வரி. அதை மனிசி சத்தமா வாசிச்சுப்போட்டுச் சிரிச்ச சிரிப்பு இன்னும் நிண்டபாடில்லை. அதுக்காக மட்டும் எழுதேல்ல, ஆனா அதுவும் ஒரு காரணம்தான்.

நான் பென்சன் எடுத்து ஏழு வருசம். வெள்ளவத்தை ஃபிளற்றில, பின்னறையில, பழைய கதவு ஒண்டைப் படுக்கப் போட்டு அதுக்கு மேல ஒரு மொடல் ரயில் லேஅவுட் செய்துகொண்டிருக்கிறன். 1965 காலத்து வெள்ளவத்தை. காலி வீதியில இருந்து இறங்கிற ஒரு ஒழுங்கை, அது முடியிற இடத்தில தண்டவாளம், அங்கால கல்லு, அதுக்கும் அங்கால கடல். மரைன் டிரைவ் இல்லை, அது பிறகு வந்த றோட்டு. கோச்சி ஒரு பக்கத்தால வந்து மற்றப் பக்கத்தால போகும், அரை நிமிசக் காரியம், வீட்டுக்கு வாற ஆக்கள் அதைப் பாத்திட்டுப் பிறகு குனிஞ்சு நிண்டு பாக்கிறது ஒழுங்கையில நிக்கிற கார்களைத்தான். "இது எங்கட மாமான்ர கார் எல்லோ" எண்டு ஒருத்தர் எண்டாலும் சொல்லாமப் போனது இல்லை.

இதில முதல் விசயம் அளவு. பெற்றாவில குறுக்குத் தெருவள்ல விக்கிற கார்கள் பெட்டிக்கு அளவாச் செய்யிறது, லொறியும் மூண்டு இஞ்சி, மினியும் மூண்டு இஞ்சி. மட்ச்பொக்சும் அப்பிடித்தான், 1953 ல லெஸ்னி கொம்பனி அதைத் தொடங்கேக்கயே நெருப்புப்பெட்டி மாதிரி ஒரு பெட்டிக்க அடங்கவேணும் எண்டதுதான் கணக்கு. பேரன் ஆசையா வாங்கித் தந்த கார் ஒண்டைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில வச்சன், எஞ்சினை விழுங்கிடும் போல நிண்டது, அவன்ர முகத்தைப் பாத்திட்டு ஒரு கிழமை எடுக்காம விட்டன். இங்கிலாந்துக்காரரின்ர ஓஓ கேஜ் எண்ட மொடல் ரயில் அளவில, நிசத்தில ஒரு அடிக்கு 4 மில்லிமீற்றர், அதாவது 1:76. (அடியையும் மில்லிமீற்றரையும் ஒரே கணக்கில கலக்கிற துணிவு அவையளுக்குத்தான் வரும்.) அப்பிடிப் பாத்தா 10 அடி மினி 40 மில்லிமீற்றர், மொறிஸ் மைனர் 49 சொச்சம், 26 அடி நீளமான லண்டன் ஆர்டி டபுள் டெக்கர் பஸ் 104. ஆள் ஒருத்தர் 22, 23.

ஒன்லைன்ல ஒருத்தரிட்ட மைனர் ஒண்டு வாங்கினனான், ஓஓ எண்டுதான் போட்டிருந்தது, வந்த உடன அளந்தன், 52. அது 1:72, பிளேன் மொடல் கட்டுறவையின்ர அளவு. மூண்டு மில்லிமீற்றர்தானே எண்டா மனிசி. மூண்டுதான், ஆனா ரெண்டையும் கிட்டக் கிட்ட வச்சா ஒண்டு மற்றதின்ர அண்ணன் மாதிரி நிக்குது. திருப்பி அனுப்பிற செலவு கார் விலையை விடக் கூட, அதால அதை விளிம்பில, பாக்கிற ஆளுக்குக் கிட்ட நிப்பாட்டிட்டன், கிட்ட இருக்கிறது பெரிசாத் தெரியும்தானே, பிழை மறைஞ்சிட்டுது. அதில இருந்து பிடிச்சதுதான் மற்ற வித்தை, கதவு ரெண்டரை அடி அகலம், அதுக்க காலி வீதி எங்க போய் முடியிறது? பின்பக்கம் பம்பலப்பிட்டிக்குப் போற இடத்தில N கேஜ் எண்ட இன்னும் சின்ன ரயில் அளவுக் கார்களை வச்சன், அது 1:148, மைனர் வெறும் 25 மில்லிமீற்றர், பச்சைப்பயறு மாதிரி. கண் ஏமாந்து போகுது, றோட்டு முக்கால் மைல் நீளமாத் தெரியுது. என்ன, பூனை நடுவில படுத்துதோ எல்லாம் போச்சு.

படத்துக்குக் கீழ எழுதினவருக்கு ஒண்டு சொல்லவேணும். எங்கட வயசுக்காரர் கடைக் கண்ணாடியில மூக்கை வச்சுப் பாத்த டிங்கி கார் இருக்கே, லிவர்பூல்ல மெக்கானோ கொம்பனி 1930களில அந்த வரிசையை முதல்ல விட்டது ஹோர்ன்பி விளையாட்டு ரயிலுக்குப் பக்கத்தில வைக்கத்தான். பிறகுதான் தன்ர பாட்டில ஓடத் தொடங்கிச்சு. இண்டைக்கும் கண்ணாடி அலுமாரிக்க வைக்கிற கார்கள் 1:43 எண்டு வாறது, அங்கத்த ஓ கேஜ் எண்ட பெரிய மொடல் ரயில் அடிக்கு 7 மில்லிமீற்றர் எண்ட கணக்கில இருந்துதான். விளையாட்டுச் சாமான் எண்டு சொல்லுங்கோ, பரவாயில்லை, ஆனா எதுக்குப் பக்கத்தில வைக்கப் பிறந்தது எண்டும் சொல்லுங்கோவன்.

வசதி படைத்தவர் எண்டதுக்கு நான் என்ன சொல்ல, லண்டன் ஹரோவில இருக்கிற பெறாமகள் வரேக்க சூட்கேசுக்க சொக்லேற்றுக்கு நடுவில ரெண்டு மூண்டு கொண்டு வருவா, அவ்வளவுதான் வசதி.

எனக்கு இதில பகிடியாப் படுறது என்னெண்டா, ஒக்ஸ்போர்ட் டைகாஸ்ட் மாதிரிக் கொம்பனிகள் அங்கத்தக் கிழவர்களுக்காகச் செய்யிற மொடல்கள், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் சொமர்செற், ஃபோர்ட் அங்கிளியா, மினி எல்லாம் ஒரு மாற்றமும் இல்லாம கொழும்புக்குப் பொருந்துது. ஸ்ரியறிங் வலப்பக்கம், றோட்டில இடப்பக்கம், ஜேர்மன்காரரின்ர எச்ஓ (அவையின்ர மொடல் ரயில் அளவு) கார்கள் எண்டா ரெண்டும் பிழைக்கும். மைனர் 1948 ல வந்து 1971 ல நிண்டது, 16 லட்சத்துக்கு மேல செய்தவை, அங்க அதைத் துணி போட்டு மூடி கராஜில வச்ச பிறகும் இங்க டக்சி ஓடிச்சு, இண்டைக்கும் மழையில ஸ்டார்ட் வாற மைனர் எங்கட ஒழுங்கையிலயே ஒண்டு நிக்குது. பஸ்சும் அப்பிடித்தான். லண்டன்ல ஓடி முடிச்ச ஆர்டி பஸ்களை இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) வாங்கி ஓடினது, அங்கயும் சிவப்பு, இங்கயும் சிவப்பு. மொடல் பஸ்சில நான் செய்தது பக்கத்தில இருந்த லண்டன் எழுத்தை அழிச்சது மட்டும்தான், அதுவும் மனிசியின்ர நெயில் பொலிஷ் ரிமூவரால, தீந்தைக்கு (பெயின்ற்தான்) ஆபத்து, ஈர்க்குச்சியில பஞ்சு சுத்தி மெல்லத் தேய்க்கவேணும்.

நம்பர் பிளேற்றில ஒரு சிக்கல். 1965 ல புதுக் கார் எண்டா சிங்கள ஸ்ரீ எழுத்து வரவேணும், பழைய கார் எண்டா ஆங்கில எழுத்துத்தான். ஆறு மில்லிமீற்றர் பிளேற்றில அந்தச் சிங்கள எழுத்தைப் பூதக்கண்ணாடி வச்சு எழுதிக்கொண்டிருக்கேக்க, 1958 ல அதே எழுத்து வேண்டாம் எண்டு அதுக்குத் தார் பூசின ஆக்கள் எங்கட குடும்பத்திலயும் இருந்தவை எண்டது ஞாபகம் வரும். எழுதினன்தான். அப்ப றோட்டில அதுதானே ஓடினது.

கார் இப்பிடிப் பொருந்த, கோச்சி பொருந்தாது. எங்கட பெரிய ரயில் பாதை அஞ்சரை அடி அகலம், அடிக்கு 4 எண்டா 22 மில்லிமீற்றர் வேணும், ஓஓ தண்டவாளம் 16.5 தான். அது இங்கிலாந்துப் பாதைக்கே காணாது, அந்தக் காலத்தில சின்ன எஞ்சினுக்குள்ள மோட்டர் அடங்கேல்ல எண்டு உடம்பைப் பெருப்பிச்சுப்போட்டுத் தண்டவாளத்தைப் பழையபடி விட்டவை. களனிவெளிக் கோச்சி ரெண்டரை அடிப் பாதையில ஓடின காலத்தைச் செய்திருந்தா 9 மில்லிமீற்றர்த் தண்டவாளம் கிட்டத்தட்டச் சரிவரும், ஆனா அது வெள்ளவத்தையால போகேல்லயே. 22 ல கையால போட்டுப் பாத்தன், மூண்டு மாசம், ஒரு அடி நீளம், அதுவும் கோணல். இப்ப 16.5 ஐயே வச்சு கல்லையும் பூண்டையும் கூடப் போட்டு மறைச்சிருக்கிறன், கடல் காத்தில தண்டவாளம் கறுத்துக் கறண்ட் பிடிக்காமப் போறது வேற, கிழமைக்கு ஒருக்கா ரப்பரால தேய்க்கிறது.

சரி, இவ்வளவும் எழுதினது ஒரு உதவி கேக்கத்தான். அந்தக் காலத்து வெள்ளவத்தைப் படங்கள் உங்கட காரியாலயத்தில இருக்கும், வாசகர்களின்ர அல்பங்கள்லயும் இருக்கும், கலியாண வீட்டுப் படத்தில பின்னால நிக்கிற கார், ஸ்ரேசன் வாசல் டக்சி, சவோய் தியேட்டர்ப் பக்கம் றோட்டு, எது எண்டாலும், கலர்ப் படம் எண்டா இன்னும் நல்லம். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒண்டு போடுங்கோவன். எங்களிட்ட ஒண்டும் இல்லை, 83 ஆடியில வீட்டோட அல்பமும் போச்சு. அப்பாவின்ர கார் ஒஸ்ரின் சொமர்செற், ரொறன்ரோவில இருக்கிற அக்கா அது பச்சை எண்டுறா, நான் சாம்பல் எண்டுறன், போன்ல ரெண்டு தரம் சண்டை பிடிச்சாச்சு. அதால அந்தக் காரை மட்டும் இன்னும் தீந்தை அடிக்காம, வெள்ளை அண்டர்கோட்டோட, எங்கட பழைய வீட்டுப் படலைக்கு முன்னால நிப்பாட்டி வச்சிருக்கிறன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6