பேத்தியின் சீட்டு

பாம்பன்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். மாப்பிள்ளை படித்த கல்லூரிக்கு வருடாவருடம் நன்கொடை அனுப்பி வந்தால், நாளைக்குப் பேத்தி அங்கே விண்ணப்பிக்கும்போது பழைய மாணவர் பிள்ளை என்று தனியாகப் பார்ப்பார்கள், அதுதானே? அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டே, “நம்ம வீட்டுக்கும் ஒரு கோட்டா வந்துருச்சா?” என்று சிரித்தாள். எனக்கும் அன்று ராத்திரி பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். கைநாட்டு வைத்த என் அப்பாவின் கொள்ளுப்பேத்திக்கு அமெரிக்காவில் வாரிசுச் சலுகை!

அப்புறம் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாணவர் சேர்க்கை மீதான வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, விண்ணப்பித்தவர்களில் அங்கே படித்தவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 33 பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. மற்றவர்களில் 6 பேருக்குத்தான். படித்த வீட்டுப் பிள்ளைகள் மார்க்கும் வாங்குவார்களே என்று பார்த்தால், பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவின் 2023 ஆய்வு, ஒரே மார்க் எடுத்தவர்களுக்குள்ளும் இந்தச் சலுகை வேலை செய்கிறது என்கிறது. 1920-களில் யூத மாணவர்கள் பெருகுவதைத் தடுக்கத்தான் இந்தப் பழக்கம் வேரூன்றியதாம். அத்தோடு என் பெருமை பாதி வடிந்துவிட்டது.

1972-ல் ஒரு கல்லூரியில் என்னிடம் கேட்டார்கள்: “உங்க வீட்டுல யாராவது இங்க படிச்சிருக்காங்களா? சிபாரிசு லெட்டர் இருக்கா?” அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். துண்டில் மீன் வாடை. அந்த இடம் கிடைக்கவில்லை.

2004-ல் உன் கவுன்சலிங் நினைவிருக்கிறதா? இராமநாதபுரத்திலிருந்து இரவு பஸ் ஏறிப் போனோம். அண்ணா பல்கலைக்கழக ஹாலில் திரையைப் பார்த்துக்கொண்டே, “ஈ.சி.ஈ. போயிரும்ப்பா” என்று என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாய். உன் கட்-ஆஃபையும் சாதிச் சான்றிதழையும் பார்த்தார்கள். உன் அப்பன் எங்கே படித்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நன்கொடை அனுப்ப மனமிருந்தால் அனுப்புங்கள், பணமில்லாத பிள்ளைகளின் உதவித்தொகைக்கு என்று எழுதி அனுப்புங்கள். பேத்தி சீட்டை அதில் கோக்க வேண்டாம். அவள் பெரியவளாவதற்குள் அந்தச் சலுகை இருக்குமோ என்னவோ. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2014-லேயே நிறுத்திவிட்டது. கலிஃபோர்னியாவில் 2025 செப்டம்பரிலிருந்து தனியார் கல்லூரிகளுக்கும் சட்டமே தடை போட்டுவிட்டது. மாப்பிள்ளைக்கு வருத்தம் வராமல் நீயே பக்குவமாகச் சொல்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போகத் தொடங்கிவிட்டன. அம்மா நெத்திலியைக் காயப்போட்டிருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறோம். பேத்தியை ஒரு நாள் தமிழில் எழுதச் சொல். நாலு வரி போதும்.

அப்பா