ஹிகோனே வரைக்கும் வந்துட்டு

அம்மு, சாப்டியாடி? போன் பண்ணா எடுக்க மாட்டேங்குற, அதான் இவ்ளோ நீளமா டைப் பண்றேன், பாதியில மூடி வைக்காத.

ஹிகோனே கோட்டை மியூசியத்துக்குப் போயிருந்தேன், அப்பாக்கு லீவு இல்ல, தனியாத்தான். கியோட்டோ பட்டறைல சேர்ந்த புதுசுல வாய் ஓயாம சொல்லுவியே, அந்த பியோபு, மடிச்சு மடிச்சு நிக்க வைக்கிற ஓவியத் திரை, ஒரிஜினலை வசந்தத்துலதான் வெளிய வைப்பாங்கன்னு, அதேதான். சுவரை அடைச்சுக்கிட்டு நிக்கும்னு நெனச்சுப் போனா உயரம் 94 செ.மீ.தான்! ஆனா அந்தத் தங்கத்து மேல ஷாமிசென் வாசிக்கிறவங்க, தாயம் மாதிரி சுகோரோகு ஆடுறவங்க, வாள் மேல சாஞ்சு ஸ்டைலா நிக்கிற ஒருத்தன் (திமிரைப் பாரு), நாயைக் கூட்டிட்டு ஒருத்தி, இவங்க பின்னாடி கறுப்பு மைல மலையும் தண்ணியுமா இன்னொரு பியோபு வேற. கிமோனோ பூவையெல்லாம் பாக்க கண்ணாடியைக் கழட்டிக் கழட்டி மாட்டுனேன்.

1624க்கும் 1644க்கும் நடுவுல வரைஞ்சதா இருக்கும்ங்குறாங்க, கையெழுத்து கிடையாது, கானோங்குற ஓவியர் பரம்பரை வழில வந்த யாரோங்குறதோட சரி. நாட்டோட பொக்கிஷம்னு அரசாங்கமே அறிவிச்சாச்சு, வரைஞ்சவன் பேரு மட்டும் காணோம். வரைஞ்சவன் யாருன்னாச்சும் ஆராய்ச்சி பண்றாங்க, தங்கத்தைத் தட்டித் தகடாக்குனவன், மரச்சட்டத்துல பேப்பரை அடுக்கடுக்கா ஒட்டுனவன், பசை காய்ச்சுனவன், இவங்களை யாரு தேடுறா? பேரே வராத வேலைம்மான்னு புதுவருஷத்துக்கு வந்தப்ப சொன்னியே, நான் தோசையைத் திருப்பிக்கிட்டே சும்மா இருந்துட்டேன், என்ன சொல்றதுன்னு தெரியலடி, இப்பவும் தெரியல. ஆறு பலகையும் தனித்தனியா பிரிஞ்சு கெடந்ததை 2006, 2007ல ரிப்பேர் பண்ணி மறுபடி பியோபுவா சேத்தாங்கல்ல, அந்த மடிப்பு கிட்டயே ரொம்ப நேரம் நின்னேன், எங்க ஒட்டுனாங்கன்னு ஒண்ணும் தெரியல. தெரிஞ்சா அது வேலையே இல்லன்னு நீதான சொல்லுவ. வேளாவேளைக்கு சாப்பிடு, கொம்பினி கடைல விக்கிற ஓனிகிரி சோத்து உருண்டையே சாப்டுட்டுக் கெடக்காத.

பக்கத்துல ஒரு ஜப்பான் பாட்டி நின்னாங்க. என் பொண்ணு கியோட்டோல இந்த வேலைதான் பண்றான்னு நானா போய் சொன்னேன், நீ பேப்பர் கீல் ஒட்டுற போட்டோவையும் காட்டுனேன், அவங்க அப்படியே ஆச்சரியப்பட்டுட்டாங்க. எந்தப் பட்டறைன்னு கேட்டாங்க பாரு, நான் நாயைக் காட்டி பேச்சை மாத்திட்டேன்.

அங்கருந்து உன் ரூமுக்கு ரயில்ல கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்தான். வந்திருப்பேன், வரவான்னு போட்ட மெசேஜுக்கு பதில் இருந்திருந்தா. பெத்தவ உன் வாசலுக்கு வர பர்மிஷன் கேட்டுட்டு நிக்கிறேன். சரி விடு, வேலையா இருந்திருப்ப. நேரத்துக்கு சாப்பிடு, அவ்ளோதான் நான் கேக்குறது.

அப்புறம் பட்டறை அட்ரஸுக்கு அனுப்புன இட்லிப்பொடி பார்சல் திரும்பி வந்துடுச்சு. போஸ்ட்காரங்க தப்பாத்தான் இருக்கும். அப்பாகிட்ட சொல்லல, பீரோல வச்சிருக்கேன். நான் எதுவும் கேக்கல, நீ எதுவும் சொல்லவும் வேணாம். இனிமே எந்த அட்ரஸுக்கு அனுப்பணும்னு மட்டும் ஒரு மெசேஜ் போடு.

அம்மா