தூத்துக்குடியிலிருந்து காரில் வரப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

கார் வாங்கியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் மருமகளும் போய் வருகிற இடங்களின் படங்களை வாட்ஸ்அப்பில் ஒன்று விடாமல் பார்க்கிறேன். மணப்பாட்டில் கடலைப் பார்த்து மேட்டின் மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயில், குதிரைமொழித் தேரியின் சிவப்பு மணல், கழுகுமலையில் வேலை முடியாமலே நின்றுபோன வெட்டுவான் கோயில். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்ப இத்தனை இடங்கள் அமைந்தது தூத்துக்குடிக்காரர்களின் கொடுப்பினை.

போன வாரம் போனில் கேட்டாய்: "உங்க பக்கம் வந்தா பெரிய வீடுகளைத் தவிர என்ன அத்தை இருக்கு? மலை இல்ல, ஆறு இல்ல, காஞ்ச பொட்டல்தானே?" உன்னைப் போலக் கேட்கிறவர்கள் நிறையப் பேர். அதனால் பதிலை எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

செட்டிநாட்டில் பார்க்க வேண்டியது தண்ணீர். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இங்கே வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் முக்கால்வாசி வருடத்துக்குச் சோறு போட வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பிறகுதான் நகரத்தார் நாம் இங்கே வந்தோம் என்று ஐயா காலத்திலிருந்து சொல்கிறார்கள். வீடுகளை இவ்வளவு உயரத் திண்ணை போட்டுக் கட்டியதற்கும் அந்தப் பயம்தான் காரணம் என்பார்கள். துறைமுகத்திலிருந்து கிளம்பியவர்கள் வற்றாத ஆறு இல்லாத மேட்டில் உட்கார்ந்து, விழுகிற சொட்டு எதையும் விடாமல் பிடித்து வைக்கக் கற்றுக்கொண்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு காரை ஓட்டினால் பொட்டல் பொட்டலாகத் தெரியாது.

ஒரே நாளில் வந்து திரும்பிவிடலாம் என்று நினைக்காதே, தூரம் அதிகம். சனிக்கிழமை மதியம் கிளம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து ராமநாதபுரம் வந்துவிடு. அங்கிருந்து தேவிபட்டினம், ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை, தேவகோட்டை வழியாகக் காரைக்குடி. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவகிரகக் கற்கள் நிற்கின்றன, ஐந்து நிமிடம் இறங்கிப் பார். ஆர்.எஸ்.மங்கலத்தில்தான் அவசரப்படக் கூடாது. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று அந்த ஊர்க் கண்மாயை, அதாவது ஏரியை, சொல்வார்கள். ஒரே மூச்சில் ஒரு நாரையால் கடந்துபோக முடியாத நீளம் என்று அர்த்தம். கரையோரம் நின்று பார்த்தால், நீ தினமும் பார்க்கிற கடலுக்கு இது இளைத்ததில்லை என்று ஒப்புக்கொள்வாய்.

ராத்திரி நம் வீட்டில் தங்கு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உனக்குத்தான்.

வெயில் ஏறுவதற்குள் கானாடுகாத்தான் போய்விடு. எல்லோரும் அரண்மனை வாசலில் நின்று படம் எடுப்பார்கள், நீயும் எடு. அண்ணாமலைச் செட்டியார் கட்டிய வீடு, 1912-ஆம் வருடத்தது. ஆனால் அதோடு காரில் ஏறிவிடாமல் தெருக்களில் நட. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு வாசல் என்று வீடு எவ்வளவு ஆழத்துக்கு ஓடுகிறது என்பது நடந்தால்தான் புரியும். அப்புறம் ஊர்க் குளமான ஊரணிக்குப் போ. செம்புராங்கல் படிக்கட்டு, நாலு பக்கமும் சுவர், உள்ளே இறங்க ஒரு வழி. குடிதண்ணீர் ஊரணி என்றால் அதில் குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. குளிக்கிறதற்கு வேறு ஊரணி. பல ஊர்களில் இந்தக் கட்டுப்பாடு குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் கொஞ்ச காலம் இருந்தது.

வீட்டுக்கும் ஊரணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். உன் அப்பச்சிக்கு, அதாவது உன் அப்பாவுக்குத் தெரியும், சின்ன வயதில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலைதான். வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கக் கூரையும் உள்பக்கமாகவே சரிந்திருக்கும். மழை பெய்தால் நாட்டு ஓட்டின் வரிசை வரிசையான பள்ளங்களில் ஓடி வந்து, தகரத் தூம்பு வழியாக வளவின் மூலைகளில் கொட்டும். முதல் மழையை அப்படியே விட்டுவிடுவோம், ஓட்டில் இருக்கிற தூசியும் பறவை எச்சமும் கழுவிக்கொண்டு போகட்டும் என்று. இரண்டாவது மழைக்குத்தான் ஆயா குரல் கொடுப்பார்கள். அண்டாவும் கிடாரமும் மூலைக்கு மூலை போய் உட்காரும், வாயில் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டுவோம். பித்தளையில் தண்ணீர் விழுகிற சத்தம் நிறைய நிறைய மாறிக்கொண்டே வரும். அந்தச் சத்தத்தை வைத்தே எந்த மூலை நிரம்பப்போகிறது என்று உன் அப்பச்சி சொல்லிவிடுவான். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு நொடியில் மலர்ந்துவிடும், கிணற்றுத் தண்ணீரில் அப்படி வேகாது. பிடித்தது போக மிச்சம் வளவு வடிகாலில் இறங்கி, வெளியே போய், ஊரணியில் சேரும். அழகுக்காக விட்ட முற்றம் என்று கைடு யாராவது சொன்னால் மருமகளிடம் இதைச் சொல். அழகு கூடவே வந்தது.

அங்கிருந்து வடக்கே திருமயம். நெடுஞ்சாலையை ஒட்டியே கோட்டை தெரியும், 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. கோட்டை பைரவர் முன்னால் லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போவார்கள். புது வண்டி, நீயும் ஒரு தேங்காய் உடைத்துவிடு. பாறையைக் குடைந்த பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கோட்டை உச்சிக்கு ஏறினால் சுற்றிலும் கண்மாய்கள் தகடு தகடாக மின்னும்.

புதுக்கோட்டைப் பக்கம் போகப் போக, சில கண்மாய்களின் உள்ளே தண்ணீரில் இரண்டு கல்தூண்கள் தனியாக நிற்பதைப் பார்ப்பாய். இடிந்த மண்டபம் என்று நினைத்து ஓட்டிக்கொண்டு போய்விடாதே, ஓரமாக நிறுத்து. அது குமிழித்தூம்பு, கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற பழைய மதகு. தூண்களுக்குக் கீழே, தண்ணீருக்குள் ஒரு கல்தொட்டி இருக்கிறது. மேலே நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. மேல்துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கி, கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போகும். போகிற வேகத்தில் அடியிலிருக்கும் சேற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கண்மாயும் தூர்ந்துபோகாது, வயலுக்கும் வண்டல் கிடைக்கும். சில தூண்களில் தூம்பு வைத்தவர் பேரைக் கல்வெட்டாக வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தியவையும் இருக்கின்றன. எனக்கு அரண்மனைகளை விட இந்த இரண்டு தூண்கள்தான் பெரிதாகப் படும்.

புதுக்கோட்டை தாண்டிச் சித்தன்னவாசல். சமணக் குடைவரையான அறிவர் கோயிலுக்குள் போனதும் கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாமல் நில், அப்புறம் தலையைத் தூக்கு. விதானம் முழுக்கத் தாமரைக் குளம். மொட்டு, மலர், இலைகளுக்கு நடுவே மீன்கள், வாத்துகள், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். நிறைய உதிர்ந்துவிட்டது, மிச்சம் இருப்பதே மனதை நிறைக்கும். சுற்றிலும் சுட்டெரிக்கிற பாறை, உள்ளே தலைக்கு மேலே குளம்! மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டம் என்கிற குகையில் சமணர்களின் கற்படுக்கைகளும் பழங்காலத் தமிழி எழுத்தும் இருக்கின்றன. அதே மலையில் நாவல் சுனைக்குள் ஒரு குடைவரைச் சிவன் கோயில் மூழ்கிக் கிடக்கிறது, தண்ணீரை இறைத்தால்தான் லிங்கம் தெரியும். பாறையில் வெறுங்காலோடு நடக்காதே, பட்டால் தெரியும்.

திரும்பும்போது ஆத்தங்குடி. கண்ணாடிப் பலகையில் தகர அச்சை வைத்து, கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். பிறகு தொட்டித் தண்ணீரில் நாள் கணக்கில் ஊற வேண்டும். அங்கேயும் தண்ணீர்தான்.

மார்கழி, தையில் வந்தாயானால் வடக்கே போவதை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு மேற்கே போகலாம். பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு, திருப்பத்தூர் தாண்டி வேட்டங்குடி. கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். பறவைகள் பயப்படும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதே இல்லை, பல தலைமுறையாக. அவர்கள் குழந்தைகளே மத்தாப்போடு நிறுத்திக்கொள்ளும் ஊரில் நீ ஹாரன் அடிக்கக் கூடாது. காரில் பாட்டும் வேண்டாம்.

கண்ணில் படுகிற எல்லாமே நன்றாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். குப்பை கொட்டிய ஊரணிகளைப் பார்ப்பாய். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மேல் பிளாட் போட்டுக் கல் ஊன்றியிருப்பார்கள், அதற்குக் கீழே இருக்கும் கண்மாய் மழை பெய்தும் நிறையாமல் கிடக்கும். பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் பிரித்த வீடுகளின் தேக்குத் தூண், கதவு, மழை பிடித்த கிடாரம் வரை விற்கிறார்கள். வாங்குவது உன் இஷ்டம். வாங்கினால் அதில் மழைத் தண்ணீர் பிடி. தூத்துக்குடியில் உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அது நிச்சயம் உதவும்.

வருகிற தேதியை இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடு. வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியும் உளுந்தும் ஊறப்போட வேண்டும், வரமிளகாய்த் துவையலுக்கு மிளகாயும் வாங்க வேண்டும். பின்கட்டு வாசல் பக்கம் வந்து காரை நிறுத்து, முன்பக்கத் தெருவில் திருப்ப இடம் பத்தாது.

அன்புடன்,
அத்தை
காரைக்குடி