வேலையை விடுவதற்கு முன்

அன்புள்ள கண்ணம்மா,

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சிறுவர் மாயக்கதை எழுதப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அப்பா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான்தான் தூண்டிவிட்டேனாம். சரி, அவரை விடு. நீ வாய் ஓயாமல் சொல்லும் ஆங்கிலச் சிறுவர் கதை எழுத்தாளர் ஈடித் நெஸ்பிட்டை இங்கே சிங்கப்பூரில், அங் மோ கியோ நூலகத்தில் எடுத்துவந்து படித்தேன். அவர் வாழ்க்கையையும் தேடிப் படித்தேன்.

1858இல் லண்டனில் பிறந்தவர். நான்கு வயது நிரம்புமுன் அவருடைய அப்பா இறந்துவிட்டார். கல்யாணமான கொஞ்ச நாளில் கணவருக்குப் பெரியம்மை, தொழிலும் படுத்துவிட்டது. கைக்குழந்தையோடு வாழ்த்து அட்டைகளுக்குப் படம் வரைந்தார், பத்திரிகைகளுக்குக் கவிதையும் கதையும் எழுதித் தள்ளினார். அந்தக் காசில்தான் வீடு ஓடியது. சிறுவர் கதையில் பெயர் கிடைத்தது 1899இல், 41 வயதில். நீயோ 29 வயதில் காலம் போய்விட்டது என்கிறாய்! அடுத்த ஆண்டே 15 வயது மகனை ஒரு தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பின் பறிகொடுத்தார். 1902இல் மணல் பூதக் கதை. எப்படித்தான் எழுதினாரோ.

அந்தப் பூதத்துக்கு நத்தை மாதிரிக் கொம்பு நுனியில் கண். கேட்ட வரம் கொடுக்கும், பொழுது சாய்ந்தால் எல்லாம் மறைந்துவிடும். பிள்ளைகள் தங்கக்காசு கேட்கிறார்கள், குழி நிறையக் கிடைக்கிறது, ஆனால் பழைய காசை எந்தக் கடைக்காரரும் வாங்கமாட்டேன் என்கிறார். நம் தேக்கா கடைகளில் கொண்டுபோய் நீட்டினால் "கைபேசியில் கட்ட பேநவ் இல்லையா?" என்பார்கள். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

அவர் பூதத்தைத் தனக்குத் தெரிந்த இங்கிலாந்தின் கென்ட் பக்கத்து மணல்குழியில்தான் வைத்தார். நீ அனுப்பிய அத்தியாயத்தில் எதற்குப் பனிக்கோட்டை? நம் பழைய அடுக்குமாடி புளோக்கில் அப்போதெல்லாம் மின்தூக்கி 5, 9 என்று சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும். நடுமாடிகளில் யார் இருக்கிறார்கள் என்று சின்னதில் என்னை நச்சரிப்பாயே, அது எங்கே போயிற்று?

வேலையை இப்போதைக்கு விடாதே. வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்துத் தருவார்களா என்று கேட்டுப் பார். மெல்பர்ன் வாடகை கதைக்காகக் காத்திருக்காது. அப்புறம், அடுத்த அத்தியாயத்தைப் பெரிய எழுத்தில் அனுப்பு. அப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டே முதல் அத்தியாயத்தை இரண்டு தடவை படித்துவிட்டார், உன்னிடம் சொல்லக்கூடாதாம்.

அன்புடன்,
அம்மா