‘இக்ரீஜஸ்’ வெறும் ‘மோசம்’ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீதிமன்றச் செய்திகளையும் பன்னாட்டு அறிக்கைகளையும் தமிழாக்கும்போது ‘இக்ரீஜஸ்’ (egregious) என்ற ஆங்கிலச் சொல்லை ‘மிக மோசமான’ என்றோ ‘கொடூரமான’ என்றோ போட்டுக் கடந்துவிடுகிறார்கள். இரண்டும் பொருந்தவில்லை.

தவறு பெரியது, பார்த்தவுடன் தெரிவது, செய்தவர் பழியேற்க வேண்டியது. இந்த மூன்றும் கூடினால்தான் அந்தச் சொல்லுக்கு வேலை. அதனால்தான் அது பிழை, பொய், விதிமீறல், அதிகார முறைகேடு போன்றவற்றோடு சேர்ந்து வருகிறது. பல்வலிக்கோ மழைக்கோ ஒட்டாது. வானிலையும் கையெழுத்தும் சகிக்கவில்லை என்றால் ஆங்கிலேயர் ‘அட்ரோஷியஸ்’ என்பார்கள், கொடுங்குற்றத்துக்கு ‘ஹீனஸ்’. கணக்குத் தணிக்கையில் சிக்கிய முறைகேட்டைக் ‘கொடூரமானது’ என்று எழுதினால், ரத்தம் சிந்தியதோ என்றுதான் வாசகர் நினைப்பார்.

லத்தீனில் ‘கிரெக்ஸ்’ என்றால் மந்தை. மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது என்பதே மூலப்பொருள். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இது பாராட்டுச் சொல்லாகவும் இருந்தது. கிண்டலாகச் சொல்லிச் சொல்லியே பொருள் தலைகீழாகியிருக்க வேண்டும். நறுமணத்தைக் குறித்த நம் ‘நாற்றம்’ போனதைப் போல. இத்தாலியர் கடிதத்தில் ‘எக்ரேஜோ’ என்று விளிப்பது இன்றும் மரியாதைதான். பெரிய அகராதிகளில் ‘சிறப்புமிக்க’ என்ற பழம்பொருளும் இருக்கும். இன்றைய செய்தியைத் தமிழாக்கும்போது அந்தப் பொருளைப் பயன்படுத்திவிடக் கூடாது.

சட்டச் செய்தியில் கூடுதல் கவனம் வேண்டும். 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காப்புரிமை (பேடன்ட்) மீறல் வழக்கில் இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்தும் அதிகாரத்தைப் பொதுவாக ‘இக்ரீஜஸ்’ நடத்தைக்கே பயன்படுத்த வேண்டும் என்றது. வழக்கமான மீறலிலிருந்து பிரித்துக் காட்டத்தான் அந்தச் சொல். அங்கே ‘மோசமான மீறல்’ என்று எழுதினால் தீர்ப்பின் அளவுகோலே காணாமல் போகும்.

ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடி அலைய வேண்டாம். சேரும் பெயர்ச்சொல்லைப் பார்த்து மாற்றலாம். பிழை என்றால் ‘கண்ணை உறுத்தும் பெரும்பிழை’, விதிமீறல் என்றால் ‘அப்பட்டமான கடும் விதிமீறல்’. ‘அப்பட்டமான’ மட்டும் போதாது. அது ‘பிளேட்டன்ட்’டுக்கு உரியது, சின்னத் தவறும் அப்பட்டமாக இருக்கலாம்.

ஒலிப்பையும் சொல்லிவிடுகிறேன்: ‘எக்ரிஜியஸ்’ அல்ல, ‘இக்ரீஜஸ்’. அழுத்தம் நடுவில் உள்ள ‘ரீ’யில் விழும்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புத் துறை வாசகர்