அருவிக்கு மேலே ஓடும் ஆறு

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. வலக்கண்ணில் புரை நீக்கும் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. இனிப் படம் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றே, நீங்கள் எழுதியிருந்த ‘நயாகரா’வை மறுபடி பார்த்தேன். எல்லாவற்றையும் மங்கலாகவே பார்த்துப் பழகியிருந்த கண்ணுக்கு அந்த டெக்னிகலர் வண்ணங்கள், அதிலும் மர்லின் மன்றோ அணிந்து வரும் அந்த அடர்ந்த இளஞ்சிவப்பு உடை, புத்தம் புதிதாகத் தெரிந்தன. குற்றக்கதை என்றாலே கறுப்பு வெள்ளையும் நகரத்து இரவும் என்றிருந்த 1953ஆம் ஆண்டில், இயக்குநர் ஹென்றி ஹாத்தவே பட்டப்பகலில், தேனிலவுக்கு வந்தவர்களின் நடுவே ஒரு கொலைத் திட்டத்தை வைத்திருக்கிறார்.

அருவி வெறும் பின்னணிதான், இந்தக் கதையை எங்கு வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. மன்றோ நடித்த ரோஸும் அவளுடைய காதலனும் அவள் கணவன் ஜார்ஜைக் கொல்லத் தேர்ந்தெடுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அருவியின் அடியில் குடைந்த சுரங்கப்பாதை அது. உள்ளே போகிறவர்கள் காலணிகளைக் கொடுத்துவிட்டு மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு போகிறார்கள், இரைச்சலில் யார் அலறினாலும் கேட்காது. ஆனால் உயிரோடு வெளியே வருபவன் ஜார்ஜ். தன் காலணிகளை விட்டுவிட்டு, இறந்தவனின் காலணிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு அவன் போய்விடுவதால், செத்தது ஜார்ஜ்தான் என்று காவல்துறை நம்புகிறது. வேலை முடிந்ததற்கு அடையாளமாகக் காதலர்கள் பேசிவைத்திருந்த பாட்டும் மணிக்கூண்டிலிருந்து தவறாமல் ஒலிக்கிறது. ரோஸின் முகத்தில் அப்போது வரும் நிம்மதியை, பிணவறையில் துணியை விலக்கியதும் பேச்சற்றுச் சரியும் அதே முகத்தோடு சேர்த்துப் பாருங்கள். பிறகு அந்த மணிக்கூண்டிலேயே ஜார்ஜ் அவள் கழுத்தை நெரிக்கும்போது, அசையாமல் தொங்கும் மணிகளைத்தான் கேமரா காட்டுகிறது. இத்தனை இரைச்சலுக்குப் பிறகு வரும் அந்த மௌனம் என்னை உலுக்கிவிட்டது.

தேனிலவுக்கு வந்திருக்கும் பாலி என்ற பெண்ணின் கணவனுடைய ஓயாத அசட்டுச் சிரிப்பைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. அந்தப் பகுதிகள் இன்று இழுவையாகத்தான் இருக்கின்றன.

ஆனால் ஜார்ஜாக வரும் ஜோசப் காட்டன் பாலியிடம் ஆற்றைப் பற்றிப் பேசும் இடத்தை எப்படி விட்டுவிட்டீர்கள்? அருவிக்கு மேலே ஆறு அமைதியாக இருக்கிறது, ஒரு கட்டையைப் போட்டால் சும்மா மிதக்கும், கொஞ்சம் கீழே வந்துவிட்டாலோ யாராலும் அதைத் தடுக்க முடியாது என்கிறான். ஈரி (Erie) என்ற ஏரியிலிருந்து வருகிற தண்ணீர், நயாகராவின் பெரிய பிரிவான குதிரைலாட அருவியில் ஐம்பது மீட்டருக்கும் மேல் விழப்போவது, மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. கடைசியில் எரிபொருள் தீர்ந்த படகில் அவனே அந்தக் கட்டையாகிறான்.

அந்தப் படகிலிருந்து அவன் ஏற்றிவிட்ட பாலி பாறையில் ஒண்டிக்கொண்டு ஹெலிகாப்டருக்காகக் காத்திருக்கும்போது, எனக்கு அதே ஆற்றில் 1918 ஆகஸ்டில் நடந்தது நினைவுக்கு வந்தது. இழுவைப்படகிலிருந்து அறுபட்ட இரும்புத் தோணி ஒன்று இரண்டு பேரோடு அருவியை நோக்கிப் போனது. அவர்கள் அதன் அடிக்கதவுகளைத் திறந்து நீரை நிரப்ப, அது பாறைகளில் தட்டி நின்றது. மறுநாள்தான் இருவரையும் கரை சேர்க்க முடிந்தது. 2019ஆம் ஆண்டு புயல் சற்றே கீழே தள்ளும் வரை அந்தத் தோணி நூறாண்டுகளாக அதே இடத்தில்தான் கிடந்தது. அங்கே போய் நிற்பவர்கள் இன்றும் அதைப் பார்க்கலாம். இப்படி ஓர் ஆறு இல்லாத ஊரில் ஜார்ஜின் முடிவை எப்படி எடுத்திருப்பார்கள், சொல்லுங்கள்.

இன்னொரு முறை பார்க்கும்போது அருவியை விட்டுவிட்டு, அதற்கு மேலே ஓடும் தண்ணீரையே கவனியுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், இடக்கண் சிகிச்சைக்கு முன் உங்கள் கடிதம் வந்தால் நானே படித்துவிடுவேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்