தலைப்பில் ‘கொலை’, தீர்ப்பில் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற வாரம் உங்கள் சேலம் பதிப்பில், ‘தகராறில் வாலிபர் கொலை: ஒருவருக்கு 7 ஆண்டு சிறை’ என்று ஒரு செய்தி. அஸ்தம்பட்டி டீக்கடையில் அதைப் படித்த ஒருவர், “உயிரையே எடுத்தவனுக்கு ஏழே வருஷமா? எங்கேயோ பணம் விளையாடியிருக்கு” என்றார். அவர் மேல் தப்பில்லை. எந்தப் பிரிவில் தண்டனை என்று செய்தியில் ஒரு வரிகூட இல்லை.

கொலை என்று நிரூபணமானால் ஆயுள், இல்லாவிட்டால் தூக்கு. அதற்குக் கீழே இறங்க நீதிபதிக்கே வழி கிடையாது. தகராறு வழக்கில் 7 ஆண்டு என்றால், ‘கொலையாகாத மரணம் விளைவித்தல்’ என்று கோர்ட் முடிவு செய்திருக்கும். கொல்லும் எண்ணமில்லை, ஆனால் உயிர் போகலாம் என்று தெரிந்தே செய்தது என்றால், பழைய இந்திய தண்டனைச் சட்டப்படி கோர்ட்டில் இதை ‘304 பார்ட் டூ’ என்போம்.

நான் டைப் அடித்த ஒரு வழக்கு. ஏற்காடு அடிவாரத்தில் இரண்டு பங்காளிகளுக்குள் கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை. வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைத் திருப்பி, காம்பால் தலையில் ஒரே அடி. மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. விசாரணை முழுக்க அந்த மண்வெட்டியைச் சுற்றித்தான். முன்பே கையில் இருந்ததா, போய் எடுத்து வந்ததா? இலைப் பக்கமா, காம்பா? ஒரு அடியா, விழுந்த பிறகும் அடித்தாரா? கடைசியில் 304தான். வீட்டுக்குப் போய் அரிவாளோடு திரும்பியிருந்தால், அந்த அரை பர்லாங் நடையே அவரைக் கொலைப் பிரிவான 302-இல் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டி ஆளைக் கொன்றால் அது இன்னொரு பிரிவு. பழைய 304ஏ-யில் அதிகபட்சம் 2 ஆண்டு. இப்போது புதிய சட்டத்தின் 106-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை போகும்.

அப்புறம், 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, எண்களும் மாறிவிட்டன. கொலைக்கு 103, கொலையாகாத மரணத்துக்கு 105. இன்றைய 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சுக்கு. (சினிமா வசனம் எழுதுகிறவர்கள் பாவம்.) அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே என்பதால், இன்னும் சில வருடங்களுக்கு இரண்டு வரிசை எண்களும் செய்தியில் வரும், குழப்பம் கூடத்தான் செய்யும்.

ஆகவே, தீர்ப்புச் செய்தியில் பிரிவு எண்ணையும், கொலைப் பிரிவிலிருந்து இறக்கியிருந்தால் ஏன் என்று ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்ப்பு நகல் கிடைக்கவில்லை என்று நிருபர் சொன்னால், வராந்தாவில் அரசு வழக்கறிஞரைப் பிடித்துக் கேட்கட்டும். இரண்டு நிமிட வேலை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்றத் தட்டச்சர்,
அஸ்தம்பட்டி, சேலம்.